பொட்டும் இறகும் பாசிமணியும்

2024 ஆகஸ்டில் முதுகலை படிக்க ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்துக்கு வந்தேன். அக்டோபர் பிறந்ததும் வகுப்பிலும் லேபிலும் பஸ் ஸ்டாப்பிலும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஹாலோவீனுக்கு நீ என்ன வேடம்?" பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். ஊரில் மாறுவேடம் என்றால் அது பள்ளி ஆண்டு விழாவோடு முடிந்துபோகும் விஷயம். இங்கே முப்பது வயது ஆள்கூட அதைப் பற்றி ஒரு மாதம் யோசிக்கிறார்.

ஹாலோவீன் நாள் அக்டோபர் 31. அன்று குழந்தைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். கல்லூரி மாணவர்கள் முந்தைய சனிக்கிழமையே கொண்டாட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பேர்போன ஊர் ஏதென்ஸ். கிரேக்க நாட்டு ஏதென்ஸ் இல்லை, தெற்கு ஒஹாயோவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னக் கல்லூரி ஊர். 1974இலிருந்து அங்கே கோர்ட் தெருவை அடைத்து ஹாலோவீன் திருவிழா நடக்கிறது. கொலம்பஸிலிருந்து 33ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரப் பயணம். நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம்: நான், ரூம்மேட் ஹரிணி, பிரவீன், அவனுடைய ரூம்மேட்.

வேடம் வாங்கப் போன இடத்திலேயே விஷயம் ஆரம்பித்துவிட்டது. மூடிக் கிடந்த ஒரு பெரிய கடையை இரண்டு மாதத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து வேடக் கடை ஆக்கியிருந்தார்கள். சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் பைகள். ஒரு பையில் பேய், அடுத்ததில் செவிலியர், அதற்கடுத்ததில் 'இந்தியத் தலைவர்'. அமெரிக்கப் பூர்வகுடிகளைத்தான் அப்படிப் போட்டிருந்தார்கள். பழுப்பு நிறத் துணி, ஜரிகைத் தொங்கல், முதுகு வரை வரும் இறகுத் தலையணி. பிரவீன் அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "நம்மையும் இந்தியன்னுதான் சொல்றாங்க, இவங்களையும் இந்தியன்னுதான் சொல்றாங்க. எல்லாம் கொலம்பஸ் பண்ண தப்பு. அந்த கொலம்பஸ் பேர்ல இருக்கிற ஊர்லேர்ந்தே ஒரு இந்தியன் இப்படிப் போனா எப்படி இருக்கும்!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் போட்டோ எடுத்தேன். யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து நடந்ததை வைத்து நாங்கள் முதலிலேயே புரிந்தவர்கள் மாதிரி தெரியக்கூடாது.

கோர்ட் தெரு செங்கல் பாவிய தெரு. அன்று இரவு செங்கல் கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு கூட்டம். மேடையில் பாட்டு, குதிரையில் காவலர்கள், வாழைப்பழ வேடத்தில் ஆறு பேர், உயரக் கட்டையில் நடக்கும் எலும்புக்கூடு. முதல் ஒரு மணி நேரம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நம் ஊர்த் தேர் நாள் கூட்டத்தில் வருமே, அந்த மாதிரி ஒரு குதூகலம்.

ஒரு ஓரத்தில் மாணவர்கள் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் பிரவீனின் இறகுகளைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "நீங்கள் எந்த நேஷன்?" அவன் உற்சாகமாக, "இந்தியா!" என்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூர்வகுடி மக்கள் தங்கள் சமூகத்தை 'நேஷன்' என்றுதான் சொல்வார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவள் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது மட்டும் நினைவில் நிற்கிறது.

கொஞ்ச தூரம் தள்ளி நான்கு பையன்கள் வந்தார்கள். முகத்திலும் கையிலும் பழுப்புச் சாயம். தலையில் குளியல் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கழுத்தில் காகிதப் பூ மாலை. நெற்றியில் உதட்டுச் சாயத்தால் வரைந்த பெரிய சிவப்பு வட்டம். கை கூப்பி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, நாம் ஆங்கிலம் பேசுவதாக அவர்கள் நினைத்த ஒரு குரலில் கத்திக்கொண்டே வந்தார்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவன், "இதோ நிஜமானவர்கள்!" என்றான். போட்டோவுக்கு நிற்கச் சொன்னான். ஹரிணி தினமும் ஸ்டிக்கர் பொட்டு வைப்பவள். அவளைக் குனிந்து பார்த்து, "உன்னுடையது ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?" என்று கேட்டான். மறுபடி சிரிப்பு.

நாங்கள் நின்றோம். போட்டோவுக்குச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் புது ஊர், ராத்திரி, குடித்த கூட்டம், மாணவர் விசா, ஏதாவது சொன்னால் தகராறு ஆகுமோ என்ற பயம் எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்து முகத்தில் சிரிப்பாக வந்து நின்றது. வெளிநாட்டில் படிக்கும் பலருக்கு இந்தச் சிரிப்பு தெரிந்திருக்கும்.

காரில் ஏறியதும் ஹரிணி நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். யாரும் பேசவில்லை. பிரவீன் வண்டி ஓட்டினான், இறகுத் தலையணி பின்சீட்டில் என் மடியில் கிடந்தது. லங்காஸ்டர் தாண்டியபோது அவன் சொன்னான்: "அந்தப் பசங்க நம்மள பண்ணதைத்தான் நானும் யாரையோ பண்ணியிருக்கேன், இல்ல?" நான் பதில் சொல்லவில்லை. மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். பல விஷயங்கள் அன்றுதான் எனக்குத் தெரிந்தன.

அந்தப் பெரிய இறகுத் தலையணி மேற்கே சமவெளிகளில் வாழ்ந்த சமூகங்களுடையது. ஒவ்வொரு கழுகு இறகும் வீரத்துக்கோ சேவைக்கோ சமூகம் கொடுத்த அடையாளம். ஒஹாயோவில் வாழ்ந்த ஷானி, வயன்டாட் மக்கள் அதை அணிந்தவர்கள்கூட அல்ல. அந்த வயன்டாட் மக்களை 1843இல் இந்த மாநிலத்தை விட்டே வெளியேற்றினார்கள். ஒஹாயோவிலிருந்து கடைசியாக வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள்தான். 1883இல் அமெரிக்க அரசு ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்து பூர்வகுடிகளின் சடங்கு நடனங்களைக் குற்றமாக்கியது. குழந்தைகளை விடுதிப் பள்ளிகளுக்கு எடுத்துப்போய் முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அவர்களுடைய சமய உரிமையைக் காக்கத் தனிச் சட்டம் 1978இல்தான் வந்தது. கழுகுகளைக் காக்கும் சட்டம் இருப்பதால், இன்றும் ஒரு பூர்வகுடிக் குடும்பம் சடங்குக்குக் கழுகு இறகு கேட்டால் கொலராடோவில் உள்ள அரசுக் கிடங்குக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பிரவீன் முப்பது டாலர் கொடுத்துச் சாயம் போட்ட கோழி இறகை வாங்கி வந்தான்.

பொட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1987இல் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இந்தியர்களைத் தாக்குவதற்கென்றே ஒரு கும்பல் கிளம்பியது. 'டாட்பஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். டாட் என்றால் நெற்றியில் இருக்கும் பொட்டு. தெருவில் இந்துக்களைப் பார்த்தால் அடிப்போம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பக்கத்து ஊரான ஹோபோகனில் 30 வயது இந்தியர் ஒருவர் இளைஞர் கும்பலால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, சில நாட்களில் இறந்துபோனார். அந்தக் காலத்தில் அங்கே இருந்த அம்மாக்கள் பலர் வெளியே போகும்போது பொட்டை அழித்துவிட்டுப் போனார்கள். ஹரிணி கார் கண்ணாடியில் ஒட்டியதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

எனக்குப் புரிந்தது இதுதான். ஒரு அடையாளத்தை அதற்குச் சொந்தக்காரர் அணிந்தபோது அடி விழுந்தது, தடை விழுந்தது, கேலி விழுந்தது. அதையே வெளியாள் ஒரு ராத்திரிக்கு அணிந்தால் கைதட்டு விழுகிறது. 'ரசித்துத்தானே போட்டேன்', 'யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லை' என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பிரவீனுக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அந்த நான்கு பையன்களுக்கும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எண்ணம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது.

படிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'நாங்கள் ஒரு பண்பாடு, வேடம் அல்ல' என்ற சுவரொட்டிகள் அமெரிக்கா முழுக்கப் பரவின. ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர் தன் சமூகத்தை இழிவாகக் காட்டும் வேடத்தின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக நம்மைப் பார்ப்பார். 2011இல் அதைத் தொடங்கியவர்கள் அதே ஏதென்ஸ் ஊரின் பல்கலைக்கழக மாணவர்கள், ஒரு சின்னக் குழு. அவர்கள் படித்த ஊரின் தெருவில்தான் நாங்கள் நின்றிருக்கிறோம்.

இதையெல்லாம் படித்து முடித்தபோது மனம் அமெரிக்காவில் நிற்கவில்லை, எங்கள் ஊருக்குப் போய்விட்டது. பட்டுக்கோட்டைப் பக்கம் நான் படித்த பள்ளி. நான்காம் வகுப்பு மாறுவேடப் போட்டி. நான் போட்ட வேடம் குறத்தி.

அம்மா பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த நரிக்குறவப் பெண்ணிடம் பாசிமணி மாலை ஏழெட்டு வாங்கினார். பேரம் பேசித்தான் வாங்கினார். முகத்திலும் கையிலும் கண்மையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தேய்த்தார். பழைய பாவாடையைக் கசக்கி, முதுகில் பொம்மையைத் துணியால் கட்டிவிட்டார். நான் மேடையில் போய் "சாமியோவ்! ஊசி மணி பாசி!" என்று கத்தினேன். தலைமையாசிரியர் முதல் கடைசி வரிசை வரை சிரித்தார்கள். முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஐந்தாறு வருடம் அதில்தான் சாப்பாடு கொண்டுபோனேன்.

அந்தப் பாசிமணி விற்ற பெண்ணோடு என் வயதில் ஒரு சிறுமி இருந்தாள். மாலையைக் கோத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை என்பது அன்று என் மனதில் ஒரு கேள்வியாகக்கூட எழவில்லை. அவர்களுக்கு வாக்ரிபோலி என்று தனி மொழி இருப்பதும் தெரியாது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல ஆண்டுகள் அவர்கள் கேட்டு, 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவப் பெண்ணைப் பந்தியில் உட்கார விடாமல் துரத்தினார்கள். அவர் கோபமாகப் பேசிய வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த உடையைப் போட்டு மேடை ஏறிய எனக்கு டிபன் பாக்ஸ். அதே உடையில் சாப்பிட வந்தவருக்கு இலை இல்லை.

கோர்ட் தெருப் பையன்களின் பழுப்புச் சாயமும் என் அம்மா தேய்த்த கண்மையும் ஒன்றுதான். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அம்மா அதை ஆசையோடுதான் செய்தார். ஆனாலும் எழுதாமல் இருந்தால் அந்தப் பையன்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

அந்த வருடம் தீபாவளி சரியாக அக்டோபர் 31 அன்று வந்தது. வியாழக்கிழமை. காலையில் வீடியோ காலில் அம்மா முன்னால் எண்ணெய் வைத்துக் குளித்து, மாலை கோயிலுக்குப் போகலாம் என்று பட்டுப்புடவை கட்டினேன். ஹரிணி அந்த வாரத்தில் முதல் முறையாகப் பொட்டு வைத்தாள். கொலம்பஸில் குழந்தைகள் மிட்டாய் கேட்டு வருவதற்கென்று நேரம் வைத்திருக்கிறார்கள், மாலை 6 முதல் 8 வரை. அந்த வருடம் அதுவும் 31ஆம் தேதிதான். நாங்கள் வாசலில் அகல் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது முதல் கூட்டம் வந்துவிட்டது.

ஒரு டைனோசர், ஒரு தீயணைப்பு வீரர், ஒரு தேவதை. பின்னால் ஒரு அம்மா. "எவ்வளவு அழகான காஸ்ட்யூம்!" என்றார் என்னைப் பார்த்து. மனதார, பாசமாகத்தான் சொன்னார். ஐந்து நாள் முன்பு இருந்த நான் என்றால் தேங்க்யூ சொல்லியிருப்பேன். அன்று சொன்னேன்: "இது காஸ்ட்யூம் இல்லைங்க, என்னுடைய புடவை. இன்று எங்களுக்குத் தீபாவளி." அவர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு விளக்கைப் பார்த்து, எதற்கு ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார். டைனோசர் குனிந்து திரியை உற்றுப் பார்த்தது. கடையில் வாங்கிய சாக்லேட்டைக் கொடுத்தோம். இங்கே குழந்தைகள் வாங்கும் மிட்டாயில் கவர் பிரிக்காததை மட்டுமே பெற்றோர் அனுமதிப்பார்கள், அதனால் முறுக்கை நீட்டிச் சங்கடப்படுத்தாதீர்கள்.

அன்று எனக்குப் பிடிபட்ட வழி அந்த ஒரு வரிதான். நீண்ட விளக்கம் தேவையில்லை. நல்ல மனதோடு தவறு செய்பவரிடம் ஒரு வாக்கியம் போதும், மீதியை அவரே கேட்டுக்கொள்வார். குடித்துவிட்டுக் கூட்டமாகக் கேலி செய்பவர்களிடம் அதுகூட வேண்டாம். "எனக்குப் போட்டோ வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். காரணம் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வேண்டாம் என்று சொல்வதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. இதை யாராவது எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். தனியாகப் போகாதீர்கள், குடிக்காத ஒருவர் வண்டி ஓட்டட்டும், பின்தொடர்ந்து வந்து தொந்தரவு செய்தால் பக்கத்தில் நிற்கும் காவலரிடம் போங்கள். பல்கலைக்கழகத்துக்குள் நடந்தால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லலாம். 2025இல் ஒஹாயோவில் வந்த ஒரு சட்டத்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே இருந்த பன்மைத்துவ அலுவலகங்கள் மூடப்பட்டுவிட்டன. அதனால் யாரிடம் போவது என்று முன்கூட்டியே சீனியர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வேடத்தை யாராவது தவறு என்று சொன்னால் வாதாடாமல் கழற்றிவிட வேண்டும். பிரவீன் அன்று தண்ணீர் கொடுத்த பெண்ணைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க ஆசைப்பட்டான். வாய்ப்பே இல்லை, யார் என்றே தெரியாது. நான் எடுத்த போட்டோக்களை அழித்தோம். அந்தப் பையன்கள் எடுத்தது எங்கே இருக்கிறதோ தெரியாது.

வேடம் போடவே கூடாதா என்று ஹரிணி கேட்டாள். இந்தக் கேள்வி 2015இல் யேல் பல்கலைக்கழகத்தையே உலுக்கியது. வேடங்களில் கவனமாக இருங்கள் என்று நிர்வாகக் குழு ஒன்று மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப, வளர்ந்தவர்கள் என்ன அணிய வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொல்லலாமா என ஒரு ஆசிரியர் பதில் எழுத, வாரக்கணக்கில் போராட்டம் நடந்தது. இரண்டு பக்கத்தையும் படித்துப் பார்த்தேன். மேலிருந்து வரும் மின்னஞ்சலைவிட, வேடக் கடையில் பக்கத்தில் நிற்கும் தோழி "அது வேண்டாம்டா" என்று சொல்வது பலமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்று அந்தத் தோழியாக நான் இருந்திருக்க வேண்டும்.

தோல் நிறத்தை மாற்றாதீர்கள், ஒரு சமூகத்தையே வேடமாக்காதீர்கள். மீதி எவ்வளவோ இருக்கிறது: மிருகம், பழம், பாத்திரம், பேய். 2025இல் ஹரிணி அட்டையிலும் அலுமினியத் தாளிலும் டபரா டம்ளர் செய்து மாட்டிக்கொண்டாள், தலையில் பஞ்சு நுரை. கேட்டவர்களுக்கெல்லாம் ஃபில்டர் காபி பற்றிச் சொன்னாள். நம் அழைப்பில் பொங்கலுக்கு வரும் அமெரிக்கத் தோழி புடவை கேட்டால் தாராளமாகக் கட்டிவிடுங்கள். அவர் விருந்தாளியாக நம் நடுவில் நின்று கட்டுகிறார், கேலிக்குக் கட்டவில்லை. அவர் தங்கள் சடங்குக்கு நம்மை அழைத்து, அவர்களுடைய உடை ஒன்றை நம் தோளில் போட்டாலும் அதே மரியாதையோடு வாங்கிக்கொள்ளலாம்.

போன டிசம்பரில் அக்கா போனில் சொன்னாள், பாப்பாவுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி, குறத்தி வேடம் போடப் போகிறோம், உன் பழைய போட்டோவை அனுப்பு என்று. நான் இதையெல்லாம் சொன்னேன். ஏதென்ஸ், இறகு, பொட்டு, டிபன் பாக்ஸ் எல்லாம். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குழந்தைங்க விளையாட்டுடி, நீ ரொம்ப யோசிக்கிற. டீச்சர் பேரும் எழுதிட்டாங்க" என்றாள். தபால்காரராகப் போகட்டுமே, செம்பருத்திப் பூவாகப் போகட்டுமே என்றேன். "பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து போட்டோ வந்தது. பாசிமணி, பாவாடை, முதுகில் பொம்மை. குறத்தியாகத்தான் போயிருந்தாள். முகத்தில் மட்டும் மை இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், கையிலும் இல்லை. அக்கா கீழே எதுவும் எழுதவில்லை. நான் உடனே போன் செய்யவில்லை. மே மாதம் ஊருக்குப் போகிறேன், அடுப்படியில் உட்கார்ந்து அவளிடம் மறுபடியும் பேச வேண்டும்.